பத்துப் பல்ப் பெட்டி

அந்த மார்கழியில் கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு என்னிடம் மிஞ்சியது ஒரு போட் எஞ்சினும் என் மனுசியும்தான். எஞ்சின் கிளிநொச்சியில் திருத்தக் கொடுத்திருந்தது. அதை எடுப்பதற்காக முதல் நாளே போய் அங்கே தங்கியிருந்தபடியால் நானும் மிஞ்சினேன். மனுசி ஒரு பனையோடு ஒதுங்கிக் கிடந்தா. எங்கள் ஒரே மகள், ஒன்பது வயது, அவவின் வலது கையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவள். தண்ணி வடிந்தபோது அந்தக் கையில் பிள்ளை இல்லை.

அன்றைக்கு மூடிய கையை மனுசி பிறகு திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் காட்டினேன். எலும்பிலும் நரம்பிலும் பிழை இல்லை, மனம் ஆறினால் தானாகத் திறக்கும் என்றார்கள். இடது கையால் இரண்டு வாய் சாப்பிடுவா. இடது கையால் தலை வாருவா. வலது கை மடியில் கிடக்கும், உள்ளே ஏதோ இருப்பதுபோல இறுக்கிப் பொத்தியபடி. கதையும் நின்றுபோயிற்று. கேட்டதற்குத் தலை ஆட்டுவா, அவ்வளவுதான்.

முல்லைத்தீவுக் கரையில் இருந்த எங்களில் கொஞ்சப் பேர் உடையார்கட்டுப் பக்கம் வந்து ஒரு ஒழுங்கையின் இரண்டு பக்கமும் தகரக் கொட்டில்கள் போட்டு இருந்தோம். வைகாசியில் வற்றாப்பளை அம்மாளின் பொங்கலுக்கு நான் தனியே போனேன். அங்கே கடல் தண்ணியில் விளக்கு எரியும். அதைச் சின்ன வயதில் இருந்து பார்த்து வருகிறேன். அந்த வருசம் அந்த விளக்கின் முன்னால் நிற்க முடியவில்லை. அதே தண்ணிதானே. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றுதான் கேட்டேன். "அம்மாளாச்சி, தண்ணியிலை நெருப்பெரிய வைக்கிறவள் நீ. பிள்ளையைத் தா எண்டு கேக்கேல்லை. மனுசியின்ரை கையைத் திறந்து விடு, உனக்கு வந்து பொங்கிறன்."

மனுசியின் தங்கச்சி வவுனியாவில் இருக்கிறா. "அக்காவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ அத்தான், இடம் மாறினால் கொஞ்சம் நல்லாயிருக்கும்" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினா. போனோம். அந்த வீட்டில் பிள்ளைகளுக்கு ஒரு கொம்பியூட்டர் இருந்தது. பின்னேரம் ஆனால் அதில் கார் ஓட்டுகிற கேம் போட்டுச் சத்தம் வைப்பார்கள். தங்கச்சியின் கடைக்குட்டி மகளுக்கு எங்கள் பிள்ளையிலும் ஒரு வயது குறைவு. அவளுக்குத் தன் பெரியம்மா ஏன் கதைக்கிறதில்லை என்பது ஒரு பெரிய விசயமாகப் படவில்லை.

"பெரியம்மா, நீங்களும் ஒருக்கா ஓடுங்கோவன்."

மனுசி அசையவில்லை. பிள்ளை மடியில் கிடந்த அந்தக் கையைத் தூக்கியது. ஒவ்வொரு விரலாகப் பிரித்து, கீபோட்டில் அம்புக்குறி போட்ட கட்டைகளின் மேல் வைத்தது. "இது இந்தப் பக்கம், இது அந்தப் பக்கம், இதை விடாமல் அமத்தோணும். விட்டால் கார் நிண்டிடும், விளங்குதோ?"

நான் தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்றேன். டொக்டர்மார் நீட்டச் சொல்லி நீட்டாத விரல்கள். அவை கட்டையை அமத்திப் பிடித்தன. கார் ஓடியது. ஒரு வளைவில் சுவரில் உரசியது.

"ஐயோ, சறுக்குது!" என்றா மனுசி.

குசினிக்குள் இருந்து தங்கச்சி கையில் அகப்பையோடு ஓடி வந்தா. "ஆர் கதைச்சது? ஆர் இப்ப கதைச்சது?" என்று கேட்டபடியே அழுதா. பிள்ளை மட்டும் திரும்பிப் பார்க்காமல், "பெரியம்மா, விடாதேங்கோ, அமத்துங்கோ" என்று கத்திக்கொண்டு இருந்தது.

மனுசியை அங்கேயே விடலாம் என்று நினைத்தேன். கொஞ்ச நாளில் அவ பையைக் கட்டிக்கொண்டு படலையில் நின்றா. கரையை விட்டு அவ்வளவு தூரத்தில் இருக்க அவவுக்கு ஏலாது. பிள்ளை வந்தால் தேடும் என்ற எண்ணம். அதை அவ சொல்லவில்லை, எனக்குத் தெரியும். பஸ்சில் வரும்போது கை திரும்பவும் பொத்திக்கொண்டது. புளியங்குளம் தாண்ட முதலே, வீட்டுக்கும் ஒரு கொம்பியூட்டர் வாங்குவது என்று நான் முடிவெடுத்து விட்டேன். எஞ்சினை விற்றேன். கடலுக்குப் போகிற எண்ணம் எனக்கும் இல்லை.

எங்கள் ஒழுங்கைக்குக் கரண்ட் என்றால் ஒரு ஆள்தான். நெல்லு மில் வைத்திருந்தவர், பின்னேரத்தில் ஜெனரேற்றரை ஓடவிட்டு வீடுகளுக்கு வயர் இழுத்துக் கொடுப்பார். அவரை நாங்கள் லைன்காரர் என்போம். அவருடைய கணக்கு எல்லாம் பல்ப்பில்தான். நாற்பது வாற்ஸ் ஒரு பல்ப். காற்றாடி இரண்டு பல்ப். உடுப்பு மினுக்குகிற பெட்டி என்று வாயெடுத்தால் அடிக்க வருவார். எந்தச் சாமானானாலும் அதில் எழுதியிருக்கிற எண்ணைப் பார்த்து நாற்பதால் பிரிப்பார். ஒரு வீட்டுக்கு ஐந்து பல்ப்புக்கு மேல் இல்லை.

போய்க் கேட்டேன். "அண்ணை, கொம்பியூட்டருக்கு எத்தினை பல்ப் வரும்?"

"அதுக்குப் பின்னாலை பவர் சப்ளை எண்டு ஒரு பெட்டி இருக்கும். அதிலை எண் போட்டிருக்கும். பிரிச்சுப் பார். அஞ்சுக்கு மேலை போச்சுதோ, வயரைக் கழட்டிப் போடுவன். மாமன் மச்சான் எண்டு பாக்கமாட்டன்."

"மொனிற்றர்?"

"அது ரீவி மாதிரித்தானே. ரீவியை நான் எண்ணுறேல்லை."

ஏன் எண்ணுவதில்லை என்பது ஒழுங்கைக்கே தெரியும். அவருடைய மனுசி நாடகம் பார்க்கப் போவது ரீவி உள்ள வீட்டுக்குத்தான்.

ஐந்து பல்ப் என்றால் இருநூறு வாற்ஸ். அந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு வவுனியாவுக்குப் போனேன். கொம்பியூட்டர் கடைக்காரர் என்னிலும் இளம் ஆள். புதிதாக வாங்க எனக்கு வசதி இல்லை. பழைய சாமான்களைப் பொறுக்கிப் பூட்டித் தருவதாகச் சொன்னார். கார் கேம் ஓடவேண்டும் என்றதும் அதற்கென்று ஒரு கார்டையும் தேடி எடுத்துப் போட்டார். கடைசியில் பவர் சப்ளை.

"இதுக்கு நானூறு போடுவம் அண்ணை."

"வேண்டாம் தம்பி, இருநூறு தாரும்."

"கேம் கார்ட் இருக்கு. கேம் ஓடேக்கை அது இழுக்கும். இருநூறு காணாது."

"இழுக்கக் கூடாது எண்டுதானே இருநூறு கேக்கிறன்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இரண்டு பெட்டியையும் என் கையில் தந்து தூக்கிப் பார்க்கச் சொன்னார். நானூறு, வலைக்குக் கட்டுகிற கல்லுப்போல இருந்தது. இருநூறு வெறும் பிஸ்கட் ரின்தான். "பாரத்தைப் பாத்தாலே விளங்குமே அண்ணை. உள்ளுக்கை சாமான் இருந்தால்தான் பாரம் இருக்கும்" என்றார். எனக்குப் பாரத்தைப் பற்றிக் கவலை இல்லை. நானூறு என்றால் பத்துப் பல்ப், அதோடு வயர் கழன்றது. அந்தப் பெட்டி எவ்வளவு இழுக்கும் என்பதைத்தான் அதில் எழுதியிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஒழுங்கையில் ஆரைக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

"சரி, உங்கடை விருப்பம். சரிவராட்டில் கொண்டு வாங்கோ, மாத்தித் தாறன்."

கொண்டுவந்து இறக்கியபோது முன்வீட்டு அக்கா வேலியால் எட்டிப் பார்த்தா. அவவும் எங்கள் கரைதான். வாய் சும்மா இராது.

"என்ன தம்பி, பெட்டி?"

"கொம்பியூட்டர் அக்கா. மனுசிக்கு, கேம் விளையாட."

"மனுசிக்குச் சீலை வாங்கினவையைக் கண்டிருக்கிறன். மருந்து வாங்கினவையையும் கண்டிருக்கிறன். கேம் வாங்கினவரை இப்பதான் காணுறன்."

நல்ல நேரம் பார்த்து வைத்தேன். சந்தனமும் குங்குமமும் அந்தத் தகரப் பெட்டிக்கே வைத்தேன். கற்பூரம் கொளுத்திக் காட்டினேன். பின்னேரம் லைன் வந்தது. வீட்டு லைற்றை அணைத்துவிட்டுப் போத்தல் விளக்கில் இருந்தோம், ஐந்துக்கு மேல் போகக் கூடாதே. மனுசியைக் கதிரையில் இருத்தினேன். அந்தச் சின்னப் பிள்ளை செய்ததுபோல ஒவ்வொரு விரலாகப் பிரித்து நான் வைத்தேன். விரல்கள் வந்தன. திரையில் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண் விழுந்தது. கார் உறுமியது.

டக்.

திரை இருண்டது. பெட்டிக்குள் காற்றாடி ஓய்கிற சத்தம் மட்டும் கேட்டது. போத்தல் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். மனுசியின் கை இன்னும் கட்டைகளின் மேல் இருந்தது, அமத்தியபடி. பிறகு மெல்ல மூடிக்கொண்டது.

திரும்பப் போட்டேன். பாட்டு வந்தது, படம் வந்தது, கார் வந்தது. ஓட வெளிக்கிட்ட உடனே டக். அடுத்த நாளும் அப்படித்தான். வயரை மாற்றிப் பார்த்தேன். பெட்டியைத் திறந்து விசிறியால் வீசிப் பார்த்தேன். ஆரோ கண்ணூறு என்றார்கள், எலுமிச்சம்பழம் சுற்றி வெட்டினேன். சும்மா கிடக்கும்போது அது நல்லாய் வேலை செய்யும். அவ கையை வைத்து, அமத்தி, கார் நகரும்போது மட்டும் நிற்கும். விடாமல் அமத்தோணும் என்று அந்தப் பிள்ளை சொன்னதல்லவா. மனுசி விடவில்லை. விடாமல் பிடித்திருக்கும்போதே போய்விடும். ஒவ்வொரு பின்னேரமும் நான் அவவைக் கதிரையில் இருத்தி, அந்தக் கையில் இருந்து எதையோ திரும்பத் திரும்பப் பறிப்பதுபோல இருந்தது.

ஒரு பின்னேரம் கூப்பிட்டேன், அவ எழும்பவில்லை. "வேண்டாம்" என்றா. இத்தனை மாதத்தில் என்னோடு கதைத்த ஒரே சொல். அதோடு இடது கையால் சாப்பிட்டதும் நின்றது. தண்ணி மட்டும் குடித்தா. கழுத்து எலும்பு தெரியத் தொடங்கியது. நான் கிணற்றடிக்குப் போய் வாளியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எஞ்சினையும் விற்று, பிள்ளையையும் கொடுத்து, இப்போது இவளையும் என் கையாலேயே கெடுத்துப்போட்டேனே என்று அம்மாளைக் கேட்டேன். விடிய முதல் பஸ் ஏறினேன்.

கடைக்காரர் பெட்டியைக் கண்டதும் சிரித்தார். "சொன்னனானெல்லோ அண்ணை." பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விட்டார். பல்ப் கணக்கை முழுக்கச் சொன்னேன். அவருக்கு அப்போதுதான் விசயம் விளங்கியது.

"அண்ணை, வீட்டிலை பெரிய குடம் வைச்சிருந்தால் கிணறு வத்திப் போகுமோ? தேவையான தண்ணியைத்தானே அள்ளுவியள். இதிலை எழுதிக் கிடக்கிறது குடத்தின்ரை அளவு. அள்ளுறது கொம்பியூட்டர். கேம் ஓடாத நேரம் கொஞ்சம் அள்ளும், ஓடேக்கை கூட அள்ளும். நீங்கள் கொண்டு போனது சிரட்டை. காரைக் கண்ட உடனை சிரட்டை வழிஞ்சு போச்சுது. அதோடை உங்கடை லைனும் ஏறி இறங்கும். நல்ல பெட்டி எண்டால்தான் தாக்குப்பிடிக்கும்."

நானூறைத் தந்தார். அந்தப் பாரத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். புளியங்குளத்துச் சோதனைச் சாவடியில் சாமான் பார்க்கிறவர் அதைத் தூக்கிப் புரட்டி, "இது என்னத்துக்கு ஐயா?" என்று கேட்டார். பொய் சொல்ல எனக்குப் புத்தி வரவில்லை. "மனுசி கார் ஓட" என்றேன். அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கவனமா ஓடச் சொல்லுங்கோ" என்று திருப்பித் தந்தார்.

லைன்காரருக்கு ஒளிக்க விருப்பமில்லை. நேரே கொண்டுபோய்க் காட்டினேன். நாற்பதால் பிரித்துப் பார்த்துவிட்டு, "பத்தோ! நீ என்ன, சினிமாக் கொட்டகை நடத்தப்போறியோ?" என்றார். குடக் கதையைச் சொன்னேன். "உந்தக் கதையை டீசலுக்குப் போய்ச் சொல்லு" என்றார். காலில் விழாத குறையாகக் கேட்டேன். ஒருநாள் போட்டுப் பார்க்கலாம் என்று விட்டார்.

அன்று மனுசியைக் கதிரைக்குக் கொண்டுவரவே பெரும் பாடு. "இந்த ஒருக்கா மட்டும் வாரும். நிண்டுதோ, நானே இதைத் தூக்கிக் கிணத்துக்கை போடுறன்" என்றேன். வந்தா. மூன்று, இரண்டு, ஒன்று. கார் ஓடியது. நிற்கவில்லை. ஆனால் ஒழுங்கை முழுக்க லைற்றுகள் மங்கிச் சிவந்து போயின. நாலு பக்கமும் சத்தம். "ஆரடா அது!" "பிள்ளை படிக்குது, கண் தெரியேல்லை!" லைன்காரர் வயர் வெட்டுகிற குறட்டோடு ஓடி வந்தார். மனுசி கையைத் தானாக எடுத்துவிட்டா. சத்தத்துக்குப் பயந்து தோளைக் குறுக்கிக்கொண்டு இருந்தா.

நான் வெளியே ஓடினேன். வெட்கம் மானம் ஒன்றும் இருக்கவில்லை. முதல் கண்டது முன்வீட்டு அக்காவைத்தான்.

"அக்கா, ஒரு அரை மணித்தியாலம் உங்கடை லைற்றை அணைச்சு வையுங்கோ. கெஞ்சிக் கேக்கிறன்."

"என்ரை பிள்ளை படிக்க லைற் வேணும். உன்ரை மனுசி கார் ஓட லைற் வேணுமோ?"

"அவளின்ரை கை திறக்குது அக்கா. அந்தக் கை."

அந்தக் கையை அக்காவுக்குத் தெரியும். பனையடியில் இருந்து மனுசியைத் தூக்கி வந்தவர்களில் அவவும் ஒருத்தி. வாசலில் என்னை நிறுத்திவிட்டு உள்ளே போய்ச் சுவிச்சை அமத்தினா. பிறகு வெளியே வந்து ஒழுங்கையில் நின்று கத்தினா. "எல்லாரும் லைற்றை நிப்பாட்டுங்கோ! அரை மணித்தியாலம் படிக்காட்டில் உங்கடை பிள்ளையள் ஒண்டும் டொக்டராகாமல் விடமாட்டுதுகள்!"

ஒவ்வொன்றாக அணைந்தது. லைன்காரரும் குறட்டை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றார். ஒழுங்கையில் வெளிச்சம் என்றால் எங்கள் கொட்டிலின் திரை மட்டும்தான். சனம் வாசலுக்குக் கிட்ட வந்து நின்றது.

இந்த முறை நான் விரல்களைப் பிரிக்கவில்லை. அவ தானாக வைத்தா. கார் ஓடியது, சுவரில் உரசியது, திரும்பியது, திரும்பவும் ஓடியது. "சறுக்குது" என்றா. "போ, போ" என்றா. கடைசி வளைவையும் தாண்டி முடிவுக் கோட்டைக் கடந்து கார் நின்றது. நாலாவதோ ஐந்தாவதோ இடம். வாசலில் ஆரோ கைதட்டினார்கள். மனுசி திரும்பிப் பார்த்தா. அப்போதுதான் வெளியே இருந்த இருட்டைக் கண்டா போல.

"ஏன் எல்லாரும் லைற்றை அணைச்சிருக்கினம்?"

அக்காதான் சொன்னா, "நீ ஓடத்தான்."

"காணும். போடச் சொல்லுங்கோ" என்றா மனுசி. "பிள்ளையள் படிக்கோணும்."

பிள்ளைகள் என்ற சொல் அந்த வாயில் இருந்து வந்து எத்தனை காலம். கொம்பியூட்டரையும் அவவே நிற்பாட்டினா, அந்தக் கையாலேயே. வீடு வீடாக வெளிச்சம் வந்தது. லைன்காரர் தொண்டையைச் செருமினார். "அப்ப உங்கடை வீட்டுக்கு எத்தினை பல்ப் எண்டு நான் வைக்கிறது?"

நான் வாயெடுக்க முதல் மனுசி சொன்னா. "பத்து எண்டு வையுங்கோ அண்ணை. பிள்ளையள் படிச்சு முடிஞ்சாப் பிறகு, கடைசியிலை கொஞ்ச நேரம்தான் போடுவம்."

அவர் சரியென்றும் சொல்லாமல் இல்லையென்றும் சொல்லாமல் போனார். வயரைக் கழற்றவில்லை.

முழுச் சுகம் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். சில நாள் கை மூடிக்கொள்ளும். அழுகிற நாளும் இருந்தது. முன்பு அழுகையும் இருக்கவில்லையே. பிறகு சண்டை தொடங்கி, பாதை பூட்டி, டீசல் இல்லாமல், லைனும் நின்று, அந்தப் பெட்டி மூலையில் தூசு பிடித்துக் கிடந்தது. இடம்பெயர்ந்து வெளிக்கிட்ட நேரம் அதை விட்டுவிட்டுத்தான் போனோம். அதற்கு முதல் அது செய்யவேண்டியதைச் செய்து விட்டது. அம்மாளுக்கு நேர்ந்த பொங்கலை நாங்கள் இரண்டு பேரும் போய்த்தான் பொங்கினோம்.

கார் கோட்டைத் தாண்டிய அன்று, எல்லாரும் போன பிறகு சோறு போட்டுக் கொடுத்தேன். மனுசி வலது கையை விளக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தா. உள்ளங்கை வெளுத்து, நகம் பதிந்த இடமெல்லாம் தழும்பாக இருந்தது. அந்தக் கையைக் கழுவிவிட்டுச் சோற்றை அள்ளினா. பழக்கம் விட்டுப்போனதால் பாதிச் சோறு விரலுக்கிடையால் சோற்றுக் கோப்பையிலேயே விழுந்தது. நான் ஊட்டிவிடக் கை நீட்டினேன்.

"விடுங்கோ" என்று சொல்லிவிட்டு, திரும்பவும் அள்ளினா.